கோவை முதியோர் இல்லம்: யூரின் பேக் கவனிப்புக்கு என் மதிப்பெண்

மாமனாருக்கு புராஸ்டேட் வீங்கி யூரின் அடைத்துக்கொண்டதால் யூரின் வெளியேற உள்ளே போட்ட ட்யூபோடுதான் (கதீட்டர்) டிஸ்சார்ஜ் செய்தார்கள், வீட்டில் பார்க்க ஆள் இல்லாமல் கோவைக்கு வெளியே நர்சிங் வசதியுள்ள ஒரு இல்லத்தில் சேர்த்தோம். சாப்பாடு சுமார், ரசம் மட்டும் அருமை. இங்கே எழுத வந்தது கதீட்டர் விஷயம்.

பகல் சிஸ்டர்கள் தங்கம். கை கழுவி, புது கிளவுஸ் போட்டுத்தான் தொடுவார்கள். பேக் எப்போதும் கட்டில் சட்டத்தில், இடுப்புக்குக் கீழே, ஆனால் தரையில் படாமல் தொங்கும். வீல்சேரில் உட்கார வைத்தாலும் அப்படியே. முக்கால்வாசி நிறையும்வரை விடாமல் முன்பே காலி செய்வார்கள், ஆளுக்குத் தனி ஜக், பேக்கின் குழாய் முனை ஜக்கில் இடிக்காது. ட்யூப் இழுபடாமல் தொடையில் ஒட்டியிருக்கும். தினமும் சோப்பும் தண்ணீரும் போதும், டெட்டால் வேண்டாம் என்று அவர்களே சொன்னார்கள், சரியான பேச்சு. லேடக்ஸுக்குப் பதில் சிலிக்கான் ட்யூப் கேட்டோம், விலை கூட, ஆனால் பிரச்சினை இல்லையென்றால் 12 வாரம் வரை தாங்கும்.

ராத்திரி ஷிஃப்ட்தான் மோசம். புரட்டிப் படுக்க வைக்கும்போது அட்டெண்டர் பேக்கைத் தூக்கி மெத்தைமேலேயே வைத்துவிடுவார், யூரின் திரும்ப உள்ளே போனால் இன்ஃபெக்‌ஷனுக்கு வேறென்ன வேண்டும்? மேனேஜரிடம் சத்தம் போட்ட பிறகு பரவாயில்லை.

இன்னொன்று, யூரின் கலங்கலாக இருக்கிறது என்று காய்ச்சல், நடுக்கம், வயிற்றுவலி எதுவும் இல்லாமலே டியூட்டி டாக்டர் ஆன்டிபயாடிக் எழுதிவிட்டார். நாள்கணக்கில் ட்யூப் இருக்கிறவர் யூரினில் கிருமி இருக்கத்தான் செய்யும், அறிகுறி இல்லாமல் மருந்து கொடுத்தால் பின்னால் நிஜமாகவே தேவைப்படும்போது அது வேலை செய்யாமல் போகலாம். எங்கள் யூராலஜிஸ்ட் பார்த்து நிறுத்தச் சொன்னார்.

பெரிய குறை இதுதான்: ட்யூப் இன்னும் தேவையா என்று அங்கே ஒருத்தரும் கேட்கவில்லை. எவ்வளவு சுத்தமாக வைத்தாலும் ஒவ்வொரு நாளும் கிருமி ஏற வாய்ப்பு கூடிக்கொண்டேதான் போகும், சீக்கிரம் எடுப்பதுதான் நல்ல பாதுகாப்பு. நாங்களே கேட்டோம், யூரின் எளிதாகப் போக உதவும் டாம்சுலோசின் மாத்திரை ஆரம்பித்து, ட்யூபை எடுத்துப் பார்த்தார் யூராலஜிஸ்ட், மாமனார் தானாகவே யூரின் போய்விட்டார்.

அடுத்த மாத பில்லிலும் கதீட்டர் கவனிப்புக் கட்டணம் இருந்தது, கேட்டதும் கழித்துவிட்டார்கள். பகலுக்கு 5க்கு 4, ராத்திரிக்கு 2.