குதிரையோடு தோப்பில் தங்க ஹைலைன் கயிறு: 3 வருட அனுபவம்

சொந்தக் குதிரையோடு வெளியில் ராத்தங்க நினைக்கிறவர்கள் எந்தச் சேணம் வாங்கலாம், எந்த டென்ட் வாங்கலாம் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். நானும் அதைத்தான் கேட்டேன். 3 வருடத்தில் 22 ராத்திரி தங்கிவிட்டேன், இப்போது என்னைக் கேட்டால் குதிரையை ராத்திரி எப்படிக் கட்டப்போகிறீர்கள் என்பதைத்தான் முதலில் கேட்பேன்.

செல்லி, அந்தியூர் ஆடிச் சந்தையில் வாங்கிய பெண் குதிரை, சுமார் 350 கிலோ. லாயம் மாதவரத்தில். விடியற்காலை 4 மணிக்கு, கன்டெய்னர் லாரிகள் ரோட்டை அடைப்பதற்குள் மினி லாரியில் ஏற்றி, செங்குன்றம், பெரியபாளையம் வழியாக ஊத்துக்கோட்டைப் பக்கம் போவோம். தெரிந்தவர் ஒருவரின் மாந்தோப்பு காட்டை ஒட்டி இருக்கிறது, தங்குவது அங்கேதான். காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் குதிரையோடு நுழையவோ தங்கவோ கூடாது, அதை யாரும் விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தோப்பு, சவுக்கு, ஏரிக்கரை, வண்டிப்பாதை என்று ஓட்டவே இரண்டு நாளுக்குப் போதுமான இடம் இருக்கிறது.

முதல் தடவை தாத்தா சொன்னபடி முளை அடித்துக் கட்டினேன். அவர் ராயபுரத்தில் ஜட்கா ஓட்டியவர், அவர் குதிரை பிறந்ததிலிருந்து முளையில் நின்று பழகியது. செல்லிக்கு அந்தப் பழக்கம் கிடையாது. லாரி ஹாரனுக்குக் காதைக்கூட அசைக்காதவள், நடுராத்திரி மயில் ஒன்று படபடவென்று பறந்ததும் மிரண்டு சுற்றினாள், கயிறு பின்னங்காலில் மாட்டியது. டார்ச் அடித்துப் பார்த்தபோது குளம்புக்கு மேலே உள்ள குழியில் தோல் வழண்டு, ஈரமாக, ரோஜா நிறத்தில் தெரிந்தது. ஆற 6 வாரம் ஆனது. அந்த 6 வாரமும் தினமும் மருந்து போட உட்காரும்போது எனக்கு வந்த குற்ற உணர்வை எழுதிக் காட்ட முடியாது.

அப்புறம்தான் ஹைலைனுக்கு வந்தேன். இரண்டு மரங்களுக்கு நடுவில், குதிரையின் தலைக்கு மேலே, 7 அடிக்குக் குறையாத உயரத்தில் விறைப்பாக ஒரு கயிறு, அதிலிருந்து தொங்கும் தலைக்கயிறு, விஷயம் அவ்வளவுதான். கயிறு மேலிருந்து வருவதால் காலில் சிக்க வாய்ப்பு குறைவு. ஆன்லைனில் வாங்கிய ரெடிமேட் செட்டில் கொக்கி இரண்டாவது பயணத்திலேயே வளைந்துவிட்டது, தூக்கிப் போட்டேன். காசிமேட்டில் படகுக் கயிறு விற்கும் கடையில் நைலான் கேட்டபோது, "நைலான் இழுவை குடுக்கும்பா, ராத்திரில தொங்கிடும், பாலியஸ்டர் எடுத்துக்கோ" என்றார் கடைக்கார அண்ணன். 12 மில்லிமீட்டர் கயிறு, துருப்பிடிக்காத சுழல் கொக்கி இரண்டும் அங்கேயே கிடைத்தன. மரத்தைச் சுற்ற லாரியில் சரக்கு கட்டும் 2 அங்குல பெல்ட், மாதவரத்தில் வாங்கியது. வெறும் கயிற்றை மரத்தில் சுற்றினால் பட்டையை அறுத்துவிடும், தோப்புக்காரர் அடுத்த முறை விடமாட்டார், விடவும் கூடாது.

மரங்களுக்கு இடையே 20, 25 அடி இருந்தால் நல்லது. லாரிக்காரர்கள் தார்ப்பாயை இழுத்துக் கட்டுகிற முடிச்சைப் போட்டால் கயிறு கம்பிபோல் நிற்கும். சுழல் கொக்கியை நடுவில் ஒரு வளையம் போட்டு அதில் மாட்டுங்கள், சும்மா ஓடவிட்டால் குதிரை மரத்தடிக்குப் போய் வேரைத் தோண்டும், பட்டையைக் கடிக்கும். தலைக்கயிற்றின் நீளத்தில்தான் நான் ஒரு வருடம் தடுமாறினேன். நீளமாக விட்டால் கால் மாட்டும், குறைத்தால் குதிரைக்குத் தலையைத் தாழ்த்த முடியாது. தலைக்கயிற்றின் கீழ் நுனியில், குதிரையின் தலையில் மாட்டுகிற கொக்கி, முன்னங்காலின் முட்டி உயரத்துக்குத் தொங்கினால் மூக்கு தரையைத் தொடும், செல்லிக்கு அது சரியாக இருக்கிறது. தலைக்கயிற்றின் முடிச்சு மட்டும் ஒரே இழுப்பில் அவிழ வேண்டும்.

3 வருடத்துக்குப் பிறகு கயிறு நன்றாகவே இருக்கிறது, வளையம் போடும் இடத்தில் மட்டும் மேல் நூல் பிசிறியிருக்கிறது. பெல்ட் வெயிலில் வெளுத்து மொரமொரப்பாகிவிட்டது, மாற்றப்போகிறேன். ஒரு குறை உண்டு: மரமில்லாத ஏரிக்கரையில் இதற்கு வேலையே இல்லை.

வயிறு நிறைந்த குதிரைதான் நிம்மதியாக நிற்கும். ஒரு நாளைக்கு 6, 7 கிலோ காய்ந்த புல், 30 லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். புல்லை பழைய மீன் வலையில் தைத்த பையில் போட்டு, குளம்பு எட்டாத உயரத்தில் தொங்கவிடுகிறேன், விடியும்வரை மென்றுகொண்டிருப்பாள். கட்டும் இடத்தில் அரளி இருக்கிறதா என்று சுற்றிப் பாருங்கள், கொஞ்சம் இலை தின்றாலே குதிரை செத்துவிடும். வேலிக்காத்தான் முள்ளும் குளம்பின் அடியில் ஏறும். பூண்டிப் பக்கம் போனால் கூழாங்கல் அதிகம். அதிரம்பாக்கத்தில் ஆதி மனிதர்கள் கற்கோடாரி செய்த அதே குவார்ட்சைட் கல்தான், அவ்வளவு கெட்டி. லாடம் இல்லாமல் அங்கே ஓட்டி, ஒரு தடவை நொண்டவைத்துவிட்டேன்.

குதிரை நின்றுகொண்டே கண்ணயரும், ஆனால் ஆழ்ந்து தூங்க அது படுத்தாக வேண்டும். வெளியில் வந்தால் செல்லி படுத்ததே இல்லை. எட்டாவது பயணத்தில், காலை 5 மணிக்கு டென்ட்டை விட்டு வெளியே வந்தேன். எப்போதும்போல நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் போய்த் தடவும்போதுதான் பார்த்தேன், இடது விலா முழுக்க மண், அதில் இரண்டு காய்ந்த மாவிலை ஒட்டியிருந்தது.