பழைய ஜீப்பின் தரைக்கு கார்பெட்டா, வினைலா?

எதைப் போட்டாலும் முதலில் பழையதை உரித்து, தரைத்தகட்டை ஸ்குரூடிரைவர் நுனியால் குத்திப் பாருங்கள். பொத்தென்று உள்ளே இறங்கினால் வெல்டிங்தான் முதல் வேலை.

செலவு: வெட்டி ஒட்டும் கார்பெட் மலிவு, வண்டிக்கென்றே வார்த்த வினைலுக்குக் கூடுதலாகும்.

பொருத்துவது: கார்பெட் மேடுபள்ளத்துக்கு வளைந்துகொடுக்கும். வினைல் முரண்டுபிடிக்கும், வெயிலில் விரித்து இளக்கிய பிறகே கத்தியை எடுங்கள்.

ஈரம்: தீர்ப்பு இங்கேதான். ஓடையைக் கடந்து வந்தால் கார்பெட்டின் அடிப்பஞ்சு நாள்கணக்கில் நீரைப் பிடித்துவைத்து, தகட்டைத் துருவுக்குத் தின்னக் கொடுக்கிறது. வினைலைத் துடைத்தால் போதும். ஆனால் ஓரம் வழியாக நீர் புகுந்தால் அதுவும் துருவை மூடி வளர்க்கும். அவ்வப்போது தூக்கிப் பாருங்கள்.

சத்தம்: கார்பெட் சற்றே அமைதி.

சேற்றில் இறங்கும் வண்டிக்கு வினைல். தார்ச்சாலையை விட்டு இறங்காத வண்டிக்கு கார்பெட்.