எல்லாக் கணினியிலும் ஒரே ஆட்டோகேட்: அமைப்புகளைப் பரப்பும் வழிகளில் எது தாங்கும்?

ஏ1 தாளில் அச்சாகி வந்த ஒரு தரைத்தள வரைபடத்தில் வெட்டுமுகச் சுவரும் பரிமாணக் கோடும் ஒரே தடிமனில் இருந்தன. மஞ்சள் நிறத்தில் எழுதியிருந்த குறிப்புகள் வெள்ளைத் தாளில் ஏறக்குறைய மறைந்தே போயிருந்தன. அதே கோப்பை அடுத்த மேசைக் கணினியில் திறந்து அச்சிட்டபோது, சுவர் 0.5 மி.மீ. தடிமனில் கறுப்பாக எழுந்து நின்றது. கோப்பில் எந்தப் பிழையும் இல்லை. 255 நிறங்களில் எந்த நிறக் கோடு எந்தத் தடிமனில் அச்சாக வேண்டும் என்று சொல்லும் எங்கள் சி.டி.பி. கோப்பு முதல் கணினியில் இல்லை, அவ்வளவுதான். அந்தக் கோப்பு கிடைக்காதபோது, தனியாகத் தடிமன் தரப்படாத கோடுகளையெல்லாம் வரைபட மென்பொருளான ஆட்டோகேட் தன் இயல்பு அளவான 0.25 மி.மீ.யில், அவற்றின் திரை நிறத்திலேயே அச்சிட்டுவிடுகிறது.

ஏறக்குறைய நாற்பது கணினிகள் கொண்ட ஒரு வடிவமைப்பு அலுவலகத்தில் இந்த அமைப்புகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பில் பல ஆண்டுகள் இருந்திருக்கிறேன். எல்லாக் கணினியிலும் ஒரே நெறியை நிலைநிறுத்த வழக்கத்தில் உள்ள வழிகளை ஒவ்வொன்றாகக் கையாண்டு பார்த்ததில், எந்த வழி சிறந்தது என்று கேட்பதற்கு முன் எந்த அமைப்பு நிறுவனத்துக்குரியது, எது வரைபவருக்குரியது என்று பிரித்துக்கொள்ள வேண்டும் என்ற முடிவுக்கு வந்தேன். அந்தப் பிரிவினையைச் செய்யாமல் தொடங்கினால் எந்த வழியும் சில மாதங்களில் குலைந்துவிடுகிறது.

ஆட்டோகேட் தன் அமைப்புகளை மூன்று இடங்களில் வைத்திருக்கிறது. கோட்டு வகையின் அளவு, வரைபடத்தின் அலகு போன்றவை வரைபடக் கோப்புக்குள்ளேயே சேமிக்கப்படுகின்றன. தானியங்கிச் சேமிப்பின் இடைவெளி, தேர்வு செய்யும் முறை, தேடல் பாதைகள் போன்றவை விண்டோஸின் அமைப்புப் பதிவேடான ரெஜிஸ்ட்ரியில் பயனர்வாரியாகப் பதிகின்றன. புது வரைபடத்தின் தொடக்க மாதிரியான டெம்ப்ளேட், சி.டி.பி., பெரிய தாளில் அச்சிடும் பிளாட்டருக்கான பி.சி.3, கோட்டு வகை, பரப்பை நிரப்பும் ஹேட்ச், மெனுவுக்கான சி.யு.ஐ.எக்ஸ்., ஆட்டோகேட்டுக்குள் ஓடும் லிஸ்ப் நிரல்கள் ஆகியவை தனிக் கோப்புகளாக இருக்கின்றன. வரைபடத்துக்குள் இருப்பது நிறுவனத்துடையது, ரெஜிஸ்ட்ரியில் இருப்பது ஆளுடையது என்று இதை வைத்து எளிதாகப் பிரித்துவிட முடியாது. அலகு குறிக்கப்படாத ஒரு பிளாக்கை (மீண்டும் மீண்டும் பயன்படுத்தச் சேமித்த உருவத்தை) எந்த அலகாகக் கொள்ள வேண்டும் என்பதற்கான இயல்பு மதிப்பு ரெஜிஸ்ட்ரியில்தான் இருக்கிறது. அது ஒரு கணினியில் அங்குலமாகவும் மற்றொன்றில் மில்லிமீட்டராகவும் இருந்தால், ஒரே கதவு பிளாக் மில்லிமீட்டர் வரைபடத்துக்குள் ஓரிடத்தில் சரியான அளவிலும் இன்னோரிடத்தில் 25.4 மடங்கு பெரிதாகவும் வந்து விழும். வீட்டு வரைபடத்தை அடி அங்குலத்திலும் இரும்புக் கட்டமைப்பை மில்லிமீட்டரிலும் வரையும் நம் ஊர் அலுவலகங்களில் இது நடக்காத மாதமே இல்லை எனலாம்.

ஆகவே நான் வைத்துக்கொண்ட அளவுகோல் இதுதான்: அச்சிட்ட தாளிலோ, பிறருக்கு அனுப்பும் கோப்பிலோ வெளிப்படும் எதுவும் நிறுவனத்துக்குரியது, திரையை விட்டு வெளியே போகாத எதுவும் வரைபவருக்குரியது. லேயர் என்னும் வரைபட அடுக்கின் பெயர், எழுத்து வடிவம், பரிமாணப் பாணி, கோட்டுத் தடிமன், தாளின் ஓரச்சட்டம், அலகு ஆகியவை முதல் வகை. பின்னணி நிறம், குறுக்குக்கம்பியின் நீளம், சுருக்கக் கட்டளைகள், கருவிப்பட்டை எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பது போன்றவை இரண்டாம் வகை. இனி வழிகளைப் பார்க்கலாம்.

மிகப் பழைய வழி, ஒரு கணினியை முழுமையாகச் சரிசெய்து, அதன் ப்ரொஃபைலை, அதாவது அமைப்புகளின் தொகுப்பை, ஏ.ஆர்.ஜி. கோப்பாக ஏற்றுமதி செய்து, மற்றக் கணினிகளில் ஒவ்வொன்றாக இறக்கிக்கொள்வது. ஐந்து கணினிகளுக்கு இது போதும். அதற்கு மேல் போனால், இதில் உள்ள ஒரு குறை பெரிதாகத் தெரியத் தொடங்கும். ஏ.ஆர்.ஜி. என்பது ரெஜிஸ்ட்ரிப் பதிவுகளின் நகல் மட்டுமே, அது சி.டி.பி. இருக்கும் பாதையைச் சொல்லுமே தவிர, சி.டி.பி.யைத் தன்னோடு கொண்டுவராது. ஆட்டோகேட்டின் குறுக்குவழியில் பி சுவிட்ச் என்னும் கட்டளைக் குறியைச் சேர்த்து ஏ.ஆர்.ஜி. கோப்பைச் சுட்டிவிட்டால் ப்ரொஃபைல் தானாக இறங்கும் என்பது உண்மைதான். ஆனால் அதே பெயரில் ஒரு ப்ரொஃபைல் ஏற்கெனவே இருந்தால் பழையதுதான் தொடரும். எனவே ஒவ்வொரு மாற்றத்துக்கும் ப்ரொஃபைலின் பெயரையும் மாற்ற வேண்டியிருக்கிறது.

அடுத்தது, நிறுவல் தொகுப்பிலேயே எல்லாவற்றையும் சேர்த்துவிடுவது. ஒரு பயனர் ஆட்டோகேட்டை முதன்முறை திறக்கும்போது, நிரல் கோப்புறையில் உள்ள யூசர்டேட்டாகேஷ் என்னும் இருப்பிலிருந்து அவருக்கென உள்ள ரோமிங் என்னும் தனிக் கோப்புறைக்கு இயல்புக் கோப்புகள் நகலாகின்றன. அந்த இருப்பில் நம் கோப்புகளை வைத்துவிட்டால் புதிதாக வரும் ஒவ்வொருவருக்கும் முதல் நாளே நிறுவன நெறி கிடைத்துவிடும். புதுக் கணினிக்கு இதைவிடத் தூய்மையான தொடக்கம் வேறில்லை என்பேன். இதன் வரம்பும் அந்த முதல் நாளோடு முடிந்துவிடுகிறது. ஆறு மாதம் கழித்து ஓரச்சட்டத்தில் நிறுவன முகவரி மாறினால், ஏற்கெனவே திறந்துவிட்டவர்களுக்கு அந்த மாற்றம் போய்ச் சேர வழியில்லை.

ஆண்டுதோறும் வரும் புதுப் பதிப்பும் இதில் கணக்கில் வர வேண்டும். 2023 பதிப்பு ரெஜிஸ்ட்ரியில் ஆர்24.2 என்ற பெயரிலும், 2024 பதிப்பு ஆர்24.3 என்றும், 2025 பதிப்பு ஆர்25.0 என்றும் தனித்தனி இடம் பிடிக்கின்றன. ரோமிங் கோப்புறையின் பாதையும் அப்படியே மாறுகிறது. இவை அனைத்தும் 2018ஆம் ஆண்டின் டி.டபிள்யூ.ஜி. என்னும் வரைபடக் கோப்பு வடிவத்தையே பயன்படுத்துவதால் கோப்புகளில் சிக்கல் வருவதில்லை. அமைப்புகள்தான் ஆண்டுக்கொருமுறை வீடு மாறுகின்றன. பழைய அமைப்புகளைக் கொண்டுவரட்டுமா என்று புதுப் பதிப்பு கேட்கும்போது பலரும் ஆம் என்று அழுத்திவிடுவதால், எப்போதோ கைவிட்ட தேடல் பாதைகளும் கூடவே வந்துவிடுகின்றன.

மூன்றாவது வழி, எல்லாவற்றையும் சர்வரில் ஒரு பகிர்வுக் கோப்புறையில் வைத்து, ஒவ்வொரு கணினியின் தேடல் பாதையும் அதையே சுட்டும்படி செய்வது. இதன் கவர்ச்சி தெளிவானது: ஓரிடத்தில் மாற்றினால் எல்லா இடத்திலும் மாறுகிறது. மெனுவை நிறுவனப் பொதுக் கோப்பான எண்டர்பிரைஸ் சி.யு.ஐ.எக்ஸ். ஆகப் பதிவு செய்தால், வரைபவர் அதைப் பயன்படுத்தலாம், திருத்த முடியாது; தன் சொந்தக் கருவிகளை முதன்மைக் கோப்பில் வைத்துக்கொள்ளலாம். பிளாக்குகளை எடுத்துப் பயன்படுத்தும் பலகமான டூல் பேலட்டின் கோப்புகளைப் படிக்க மட்டும் என்று குறித்துவிட்டால் அந்தப் பேலட்டில் பூட்டுக் குறி தோன்றும், யாரும் தவறுதலாக அதில் ஒரு பிளாக்கை இழுத்துப் போட்டுவிட முடியாது. நிறுவனத்துடையதும் ஆளுடையதும் அருகருகே, ஒன்றோடொன்று மோதாமல் இருக்க ஆட்டோகேட்டே இடம் ஒதுக்கித் தந்திருப்பது இந்த வழியில்தான் நன்றாகத் தெரிகிறது.

ஆனால் சர்வர் பதில் தராத காலையில் இதன் மறுபக்கம் தெரியும். ஆட்டோகேட் திறக்கும்போதும், ஒரு எழுத்து வடிவத்தையோ லிஸ்ப் கோப்பையோ தேடும்போதும், பட்டியலில் உள்ள பாதைகளை வரிசையாகத் தட்டிப் பார்க்கிறது. தொடர்பு அறுந்த பாதை ஒவ்வொன்றுக்கும் விண்டோஸ் காத்திருப்பதால், சாதாரணமாகச் சில நொடிகளில் திறக்கும் நிரல் நிமிடக்கணக்கில் நிற்கிறது. கட்டடப் பணியிடத்துக்கு மடிக்கணினி எடுத்துச் செல்பவர்களுக்கு நாள் முழுவதும் இந்த நிலைதான். அங்கே எழுத்து வடிவம் கிடைக்காமல் மாற்று எழுத்து வந்துவிட, தலைப்புப் பெட்டியில் எழுத்து கட்டத்தைத் தாண்டி வழிந்து நிற்கும்.

இதனால் நான்காவது வழிக்கு வந்தேன்: மூலப்பிரதி சர்வரில் இருக்கும்; விண்டோஸில் நுழையும்போது ஒரு சிறு ஸ்கிரிப்ட் அதைக் கணினியின் உள்வட்டில் ஒரு நிலையான கோப்புறைக்கு நகலெடுக்கும்; ஆட்டோகேட்டின் பாதைகள் அந்த உள்வட்டுக் கோப்புறையையே சுட்டும். விண்டோஸோடு வரும் நகலெடுப்புக் கருவியான ரோபோகாப்பி இதற்குப் போதும், மாறிய கோப்புகளை மட்டுமே அது எடுப்பதால் நேரமும் பிடிக்காது. சர்வர் இல்லாத இடத்தில் நேற்றைய நகலோடு வேலை நடக்கும். மறுநாள் அலுவலகம் வந்ததும் புதியது சேர்ந்துவிடும்.

இந்த வழியில் நான் செய்த ஒரு பிழையைச் சொல்லியாக வேண்டும். மூலத்தில் இல்லாத எதையும் இலக்கிலிருந்து நீக்கிவிடும் மிர் சுவிட்சைச் சேர்த்து, இலக்காகப் பயனரின் ரோமிங் கோப்புறையையே கொடுத்துவிட்டேன். மறுநாள் காலை, மூத்த வரைவாளர் ஒருவர் பல ஆண்டுகளாகச் சேர்த்துவைத்திருந்த டூல் பேலட்டுகள் முழுவதும் அழிந்திருந்தன. வால்வுகள், குழாய் இணைப்புகள் என்று அவர் தானே வரைந்து தொகுத்தவை அவை. காப்புப் பிரதியிலிருந்து ஒரு பகுதியைத்தான் மீட்க முடிந்தது. அன்றிலிருந்து நிறுவனக் கோப்புறையும் ஆளின் கோப்புறையும் ஒரே பாதையில் இருக்கவே கூடாது என்பதை விதியாக வைத்திருக்கிறேன். நிறுவனத்துக்கு மட்டுமே உரிய கோப்புறையின்மேல் ஏவினால், மிர் சுவிட்ச் நல்ல கருவிதான்.

ஐந்தாவது, எல்லாக் கணினிகளையும் ஓரிடத்திலிருந்து நிர்வகிக்கும் டொமைன் உள்ள அலுவலகங்களில், விதிகளை அங்கிருந்து அனுப்பும் குரூப் பாலிசி வழியாக ரெஜிஸ்ட்ரி மதிப்புகளை எழுதுவது. இயல்பாக 90 நிமிடத்துக்கு ஒருமுறை, அதோடு 30 நிமிடம் வரையிலான ஒரு தற்செயல் இடைவெளி சேர்த்து, பாலிசி தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். எந்தத் துறைக்கு எந்த மதிப்பு என்று குழுவாரியாகப் பிரிக்கலாம் என்பதால், கட்டடக்கலைப் பிரிவுக்கு ஒன்றும் இயந்திரப் பிரிவுக்கு வேறொன்றும் அனுப்ப முடியும். தேடல் பாதை, நிரல்கள் கேட்காமல் ஓட அனுமதித்த நம்பகப் பாதை, அலகுகளின் இயல்பு மதிப்பு ஆகிய சிலவற்றுக்கு இது மிகப் பொருத்தமானது. நூறு மதிப்புகளை இப்படித் திணிப்பதை நான் ஏற்கவில்லை. ஒருவர் தன் கண்ணுக்கு ஏற்ப வைத்துக்கொண்ட பின்னணி நிறம் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை திருத்தி எழுதப்பட்டால், அவர் முழு நெறியின்மேலும் வெறுப்புக் கொள்வார், அதில் நியாயமும் இருக்கிறது. ஒருமுறை மட்டும் எழுதிவிட்டு மறுபடி தொடாதே என்ற தேர்வும் குரூப் பாலிசியில் உண்டு; இயல்பு மதிப்பு தருவதற்கு அதுவே போதுமானது.

இவை எதுவும் ஏற்கெனவே தவறாக வரையப்பட்ட கோப்பையோ, வெளியிலிருந்து வரும் கோப்பையோ சரிசெய்யாது. அதற்கு ஆட்டோகேட்டுக்குள்ளேயே வழி இருக்கிறது. டி.டபிள்யூ.எஸ். என்னும் நெறிக் கோப்பை வரைபடத்தோடு இணைத்தால் லேயர், எழுத்துப் பாணி, கோட்டு வகை, பரிமாணப் பாணி ஆகிய நான்கும் சரிபார்க்கப்படும். 2016 பதிப்பில் வந்த சிஸ்டம் வேரியபிள் என்னும் அமைப்பு மதிப்புகளின் கண்காணிப்பு, குறித்த மதிப்பு மாறியதும் அறிவிக்கும். ஒவ்வொரு வரைபடம் திறக்கும்போதும் இயங்கும் ஆகாட்டாக் லிஸ்ப் கோப்பில் கட்டாய மதிப்புகளை நான்கைந்து வரிகளில் எழுதிவிடுவது எல்லாவற்றிலும் உறுதியானது.

அந்த உறுதிக்கு ஒரு விலையும் உண்டு. பகிர்வுக் கோப்புறையில் எழுதும் உரிமை யாருக்கெல்லாம் இருக்கிறதோ, அவர்கள் எல்லோராலும் எல்லாக் கணினியிலும் நிரல் ஓட்ட முடியும். 2012இல் பெரு நாட்டில் பரவலாகக் காணப்பட்ட மெட்ரே என்னும் புழு, ஆட்டோகேட்டின் லிஸ்ப் மொழியான ஆட்டோலிஸ்ப்பில் எழுதப்பட்டது. திறக்கப்பட்ட வரைபடங்களைச் சீனாவில் இருந்த மின்னஞ்சல் கணக்குகளுக்கு அனுப்பிவந்தது. 2014 பதிப்பிலிருந்து, நம்பகமானது என்று குறித்த பாதைக்கு வெளியே உள்ள நிரலை ஆட்டோகேட் கேட்காமல் ஓட்டுவதில்லை. எச்சரிக்கைப் பெட்டி தொல்லையாக இருக்கிறது என்று அந்தக் காப்பையே அணைத்துவிடும் அலுவலகங்களைப் பார்த்திருக்கிறேன். நிறுவனக் கோப்புறையை மட்டும் நம்பகப் பாதையாகச் சேர்த்தால் பெட்டியும் வராது, காப்பும் போகாது.

சாலிட்வொர்க்ஸ் என்னும் முப்பரிமாண வடிவமைப்பு மென்பொருளைப் பயன்படுத்துவோருக்கு இந்தப் பிரிவினை அதன் ஆப்ஷன்ஸ் பெட்டியிலேயே சிஸ்டம் ஆப்ஷன்ஸ், டாக்குமெண்ட் ப்ராபர்ட்டீஸ் என்ற இரண்டு தாவல்களாக இருக்கிறது. முதலாவதை நகலெடுப்பதற்கான வழிகாட்டிக் கருவி கூடவே வருகிறது. இரண்டாவது டெம்ப்ளேட்டோடு போகிறது. ஆகவே டெம்ப்ளேட் கோப்புறையை ஒழுங்காக வைத்திருந்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

பத்துக் கணினிகளுக்குக் குறைவாக, எல்லோரும் ஒரே கூரையின்கீழ் இருக்கும் அலுவலகத்துக்கு மூன்றாவது வழியான பகிர்வுக் கோப்புறையையே பரிந்துரைப்பேன். சர்வர் நின்றால் அங்கே எப்படியும் வேலை நிற்கும். அதற்கு மேற்பட்டால், அல்லது ஒரு மடிக்கணினியாவது வெளியே போவதாக இருந்தால், நான்காவது வழியை அடித்தளமாகக் கொண்டு, பாதைகளை மட்டும் குரூப் பாலிசியால் எழுதி, கட்டாய மதிப்புகளை ஆகாட்டாக் கோப்பில் வைப்பதே தாங்குகிறது. நிறுவல் தொகுப்பைப் புதுக் கணினியின் முதல் நாளுக்கு வைத்துக்கொள்ளலாம். ஏ.ஆர்.ஜி. கோப்பைக் காப்புப் பிரதியாக மட்டும் பார்க்கிறேன்.

எந்த வழியை எடுத்தாலும், நெறித் தொகுப்புக்கு ஒரு பதிப்பு எண் இட்டு, அதை மோட்மேக்ரோ என்னும் வேரியபிள் வழியாக ஆட்டோகேட்டின் நிலைப்பட்டியில் காட்டிவிடுவது நல்லது. ஆகாட்டாக் கோப்பில் அதற்கு ஒரே வரி போதும். பணியிடத்திலிருந்து யாராவது தொலைபேசியில் அழைத்து, கோடெல்லாம் ஒரே தடிமனில் வருகிறது என்று சொன்னால், திரையின் அடியில் என்ன எண் இருக்கிறது என்றுதான் முதலில் கேட்கிறேன். எண் பழையதாக இருந்தால் நகல் போய்ச் சேரவில்லை. எண்ணே இல்லையென்றால் பாதை அறுந்திருக்கிறது. எண் சரியாக இருந்தால் மட்டும் அவருடைய கோப்பைத் திறந்து பார்க்கிறேன்.