டிஏஏடி ஸ்காலர்ஷிப் தேடுதளம்: எடுத்தவுடன் திறக்க வேண்டிய பக்கம், எழுத்து விடாமல் படிக்க வேண்டிய பக்கம்

ஜெர்மனியில் முதுகலை படிக்கப் பணம் தேடுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது டிஏஏடி-யின் ஸ்காலர்ஷிப் தேடுதளம். டிஏஏடி என்பது 1925-ல் தொடங்கிய ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பு. லாகின் இல்லாமலே தேடலாம், காசு கிடையாது. டிஏஏடி தருபவை மட்டுமல்லாமல் ஹைன்ரிஷ் பியோல், கொன்ராட் அடினாவர் போன்ற அறக்கட்டளைகளின் உதவித்தொகைகளும் இதிலேயே வரும். இந்தப் பட்டியலுக்காகக் கன்சல்டன்சிக்குப் பணம் கட்டத் தேவையே இல்லை.

பலர் சறுக்குவது ஃபில்டரில்தான். ‘ஸ்டேட்டஸ்’ என்ற இடத்தில், பி.இ. முடித்து எம்.எஸ். போக நினைப்பவர் ‘கிராஜுவேட்’ என்று தேர்ந்தெடுக்க வேண்டும். அங்கே கேட்பது உதவித்தொகை தொடங்கும்போது கையில் இருக்கும் பட்டத்தை. ‘அண்டர்கிராஜுவேட்’ என்று போட்டால் முதுகலைக்கான திட்டங்கள் கண்ணிலேயே படாது. அடுத்தது நாடு. ஒரே திட்டத்துக்கு இந்தியாவுக்கு ஒரு கடைசித் தேதி, இலங்கைக்கு வேறு தேதி என்று இருக்கலாம். கூகுள் வழியாக நேராக ஒரு திட்டத்தின் பக்கத்துக்குப் போனால், முதல் வேலையாக அங்கே உங்கள் நாட்டைத் தேர்ந்தெடுங்கள். அதற்கேற்ப விவரங்கள் மாறும்.

தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் விண்ணப்பிப்பவர்கள் நேரம் ஒதுக்கிப் படிக்க வேண்டியது ‘எபோஸ்’ திட்டம். வளரும் நாடுகளில் வேலை பார்ப்பவர்களுக்கானது. நீர் மேலாண்மை, பொதுச் சுகாதாரம், நகர்த் திட்டமிடல், விவசாயம் போன்ற துறைகளில் டிஏஏடி குறிப்பிட்டிருக்கும் படிப்புகளுக்கு மட்டுமே கிடைக்கும். குறைந்தது இரண்டு வருடத் துறை அனுபவம் வேண்டும், கடைசிப் பட்டம் பொதுவாக ஆறு வருடத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. ஆக, படிப்பு முடிந்து இரண்டாவது வருடத்துக்கும் ஆறாவது வருடத்துக்கும் நடுவில்தான் கதவு திறந்திருக்கிறது. காலேஜ் முடித்த கையோடு விண்ணப்பிப்பது வீண் உழைப்பு.

இதில் விண்ணப்பம் போக வேண்டியது அந்தந்தப் படிப்பை நடத்தும் பல்கலைக்கழகத்துக்கு. டிஏஏடி-க்கு அனுப்பினால் அவர்கள் அதைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பி வைக்க மாட்டார்கள். கடைசித் தேதியும் படிப்புக்குப் படிப்பு மாறும். யூரோபாஸ் என்ற ஐரோப்பியப் பொது வடிவத்தில் எழுதிய பயோடேட்டாவிலும் நோக்கக் கடிதத்திலும் பேனாவால் கையெழுத்து வேண்டும். வேலை செய்யும் நிறுவனம் தரும் பரிந்துரைக் கடிதம் லெட்டர்ஹெட்டில், கையெழுத்தோடு, சீலோடு, சமீபத்திய தேதியில் இருக்க வேண்டும். நல்ல விண்ணப்பம்கூட அந்த ஒரு சீல் இல்லாமல் திரும்பலாம். ஹெச்.ஆர். துறையிடம் ஒரு மாதம் முன்பே கேட்டு வைப்பது நல்லது. ஒன்றுக்கு மேற்பட்ட படிப்புக்கு விண்ணப்பித்தால், எதற்கு முன்னுரிமை, ஏன் என்று ஒரே நோக்கக் கடிதத்தில் சொல்ல வேண்டும். ஒவ்வொரு படிப்புக்கும் ‘இதுதான் என் முதல் விருப்பம்’ என்று தனித்தனிக் கடிதம் எழுதினால் மாட்டிக்கொள்வீர்கள்.

டிஏஏடி உதவித்தொகை முதுகலை மாணவர்களுக்கு மாதம் 992 யூரோ. விசாவுக்கு பிளாக்டு அக்கவுண்டில், அதாவது மாதாமாதம் குறிப்பிட்ட தொகை மட்டுமே எடுக்க முடிகிற முடக்கப்பட்ட கணக்கில், காட்டச் சொல்லும் 11,904 யூரோவை 12-ஆல் வகுத்தால் அதே 992 வரும். அதாவது, ஒரு மாணவர் சிக்கனமாக வாழ என்று கணக்கிட்ட தொகை இது. வீட்டுக்கு அனுப்ப மிஞ்சும் என்று நம்பிப் போக வேண்டாம். அதேசமயம் உதவித்தொகை உறுதியானால் அந்த முடக்கப்பட்ட பணத்தைத் திரட்டும் பாரம் இறங்கிவிடும். நடுத்தரக் குடும்பத்துக்கு அதுவே பெரிய ஆறுதல்.

குறைகளும் உண்டு. படிப்புக் கட்டணத்தைத் தளம் எடுத்துக்காட்டுவதில்லை. ஜெர்மனியில் எல்லாமே இலவசம் என்ற நினைப்போடு வருபவர்களுக்கு இது ஆபத்து. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் முதுகலைக்கு செமஸ்டருக்கு 4,000 அல்லது 6,000 யூரோ. உதவித்தொகை இந்தக் கட்டணத்தையும் ஏற்குமா என்பதைத் திட்டத்தின் விதிகளில் தேடி உறுதிசெய்துகொள்ளுங்கள்.

‘டாய்ச்லாண்ட் ஸ்டிபெண்டியம்’ என்ற உதவித்தொகையைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். எந்த நாட்டவருக்கும் கிடைக்கும், நல்ல திட்டம்தான். ஆனால் மாதம் 300 யூரோ மட்டுமே, விசாவுக்கு அது போதாது.

பிஹெச்.டி. தேடுபவர்களுக்கு இந்தத் தளம் பாதிதான் உதவும். ஜெர்மனியில் பெரும்பாலான ஆய்வு மாணவர்கள் சம்பளம் வாங்கும் ஊழியர்கள். அந்த இடங்கள் வேலை விளம்பரமாகத்தான் வரும். அதற்கு டிஏஏடி-யின் ‘பிஹெச்டி ஜெர்மனி’ பக்கத்தையும், நீங்கள் சேர விரும்பும் ஆய்வுக்கூடங்களின் வேலைவாய்ப்புப் பக்கங்களையும் தனியாகப் பார்க்க வேண்டும்.