பழைய எஞ்சினுக்குப் பெரிய கார்புரேட்டர்: அடாப்டர் வைப்பதா, மேனிஃபோல்டின் வாயை அகலப்படுத்துவதா?

பழைய நான்கு சிலிண்டர் எஞ்சினில், காற்றையும் பெட்ரோலையும் கலந்து தரும் கார்புரேட்டர் தேய்ந்துபோனால், அதே அளவில் புதிதாக ஒன்றை மாட்டிவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் குறைவு. எப்படியும் கழற்றியாகிவிட்டது, கொஞ்சம் பெரியதாகவே போட்டால் என்ன என்று மனம் கேட்கத் தொடங்கிவிடும். என்னுடைய 1500 சிசி எஞ்சினில் இருந்தது 24 மி.மீ. வென்சுரி (காற்றுப் பாதையின் குறுகிய இடுப்பு) கொண்ட ஒற்றைப் பேரல், அதாவது ஒரே காற்றுத் துளை உள்ள கார்புரேட்டர். அதற்கு மாற்றாக இரண்டு வழிகளை எடைபோட்டுப் பார்த்தேன். வெபர் 32/36 (த்ராட்டில் துளைகள் 32, 36 மி.மீ.) மாதிரியான இரட்டைப் பேரலை அடாப்டர் தட்டு வைத்துப் பழைய மேனிஃபோல்டின் (கலவையைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துக் கொண்டுபோகும் குழாய்) மேலேயே பொருத்துவது முதல் வழி. ஒரு படி பெரிய ஒற்றைப் பேரலை, அதாவது 27 மி.மீ. வென்சுரியும் 34 மி.மீ. த்ராட்டில் துளையும் (ஆக்சிலரேட்டர் திறந்து மூடும் தட்டு இருக்கும் இடம்) உள்ளதை வாங்கி, மேனிஃபோல்டின் வாயை 30-லிருந்து 34 மி.மீ. ஆக்கிக்கொள்வது இரண்டாவது வழி. நான் போனது இரண்டாவது வழியில். இன்று கேட்டாலும் அதையே சொல்வேன்.

மேனிஃபோல்டையே மாற்றி இரண்டு கார்புரேட்டர் வைப்பது என்று மூன்றாவதாக ஒன்றும் உண்டு. முழு வேகத்தில் அதற்கு ஈடு கிடையாது. ஆனால் இரண்டையும் ஒரே அளவு காற்று இழுக்கும்படி சமன்செய்து வைப்பது ஓயாத வேலை. அப்படிப்பட்ட வண்டியை ஓட்டியிருக்கிறேனே தவிர, நீண்ட நாள் பராமரித்ததில்லை. அதனால் அதை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை.

முதலில் கணக்கு. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் தன் முழுக் கொள்ளளவையும் இழுக்கிறது. 1.5 லிட்டர் எஞ்சின் 5000 ஆர்பிஎம்மில் சுற்றும்போது, 80 சதவீதம் நிரம்புகிறது என்று வைத்துக்கொண்டால், நிமிடத்துக்குச் சுமார் 3000 லிட்டர் காற்று வேண்டும். அது 24 மி.மீ. வென்சுரி வழியே போக வேண்டுமானால் சராசரி வேகம் நொடிக்கு 110 மீட்டரைத் தொடும். மேல் வேகத்தில் எஞ்சின் மூச்சு முட்டுவதன் காரணம் இதுதான். 27 மி.மீ. வென்சுரியில் பரப்பு 27 சதவீதம் கூடுகிறது. காற்றின் வேகம் நொடிக்கு 87 மீட்டராக இறங்குகிறது. வெபர் 32/36-இல் வென்சுரிகள் 26, 27 மி.மீ.; இரண்டும் திறந்தால் பழைய பரப்பைப்போல் கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு.

பெரிய கார்புரேட்டர் என்றாலே கீழ் வேகத்தில் பிக்கப் போய்விடும் என்று பொதுவாகச் சொல்வார்கள். காற்றின் வேகம் குறைந்தால் வென்சுரியில் உறிஞ்சும் வலு குறையும், பெட்ரோல் சரியாகச் சிதறாது என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் 32/36 விஷயத்தில் அது முழுக்கப் பொருந்தாது. அதில் முதல் பேரல் சுமார் மூன்றில் இரண்டு பங்கு திறந்த பிறகே இரண்டாவது அசையத் தொடங்கும். அதுவரை எஞ்சினுக்குத் தெரிவது ஒரே ஒரு 26 மி.மீ. வென்சுரிதான், நான் போட்ட 27-ஐவிட அது சிறியது. காகிதத்தில் பார்த்தால் இரட்டைப் பேரலே வெல்கிறது, இதை மறைக்க வேண்டியதில்லை. அப்படியும் நான் அதை ஒதுக்கியதற்குக் காரணம் கார்புரேட்டர் அல்ல, அதற்கும் மேனிஃபோல்டுக்கும் இடையே வரும் அந்த அடாப்டர்.

ஒற்றைத் துளை மேனிஃபோல்டுக்கு வரும் அடாப்டர்கள் பெரும்பாலும் இரண்டு அலுமினியத் தட்டுகளாக இருக்கும். கீழ்த் தட்டை மேனிஃபோல்டில் திருக வேண்டும், மேல் தட்டைக் கீழ்த் தட்டில் திருக வேண்டும், அதன் மேல் கார்புரேட்டர். ஒரு கேஸ்கெட் (இணைப்பில் காற்றுக் கசியாமல் அடைக்கும் மெல்லிய தாள்) இருந்த இடத்தில் இப்போது மூன்று. கீழ்த் தட்டின் திருகுகள் மேல் தட்டுக்கு அடியில் மறைந்துவிடுகின்றன. எஞ்சின் சூடாகி ஆறி, மறுபடி சூடாகி ஆறும்போது கேஸ்கெட் அமுங்கிக்கொண்டே போகும், திருகின் இறுக்கம் தளரும். தளர்ந்ததைக் கண்ணால் பார்க்கவும் முடியாது, ஸ்பேனர் வைத்து எட்டவும் முடியாது. எல்லாவற்றையும் கழற்றினால்தான் தெரியும்.

தளர்ந்த இடத்தில் காற்று உள்ளே நுழையும். காலையில் சோக் இழுத்து ஓட்டும்போது கலவை அடர்த்தியாக இருப்பதால் ஒன்றும் தெரியாது. சூடான பிறகு ஐடிலிங் ஏறி இறங்கும், சிக்னலில் நிற்கும்போது எஞ்சின் அணையப் பார்க்கும். ஓட்டுபவர் ஐடிலிங்குக்கான கலவையைக் கூட்டிக் குறைக்கும் திருகைக் கொஞ்சம் திறந்துவிடுவார், ஐடிலிங் அடங்கும். ஆனால் கசிவு அங்கேயேதான் இருக்கிறது. அது தட்டின் ஒரு பக்கமாக இருந்தால் அந்தப் பக்கத்துச் சிலிண்டர்களுக்கு மட்டும் கலவை மெலியும். பிளக்குகளைக் கழற்றி வரிசையாக வைத்தால் தெரிந்துவிடும்: இரண்டு பிளக்குகளின் பீங்கான் இளம்பழுப்பாகவும் மற்ற இரண்டும் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்தும் இருக்கும். மெலிந்த கலவையோடு சுமை ஏற்றி ஓட்டினால் வால்வும் பிஸ்டனும் அளவுக்கு மீறிச் சூடேறும்.

கசிவைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. எஞ்சினை ஐடிலிங்கில் ஓடவிட்டு, தெளிப்புப் புட்டியால் இணைப்பைச் சுற்றி மெல்லத் தண்ணீர் தெளியுங்கள். கசியும் இடத்தில் தண்ணீர் பட்டதும் எஞ்சினின் சத்தம் ஒரு கணம் மாறும். கார்புரேட்டர் கிளீனரை அடித்துப் பார்ப்பவர்களும் உண்டு. கீழே சூடான எக்ஸாஸ்ட் இருக்கும்போது எரியும் திரவத்தைத் தெளிப்பதை நான் செய்ய மாட்டேன்.

அடாப்டரின் இன்னொரு தொல்லை அதன் வடிவம். அருகருகே உள்ள இரண்டு துளைகள் கீழே ஒரே துளைக்குள் குறுக வேண்டும். அதனால் முதல் பேரலின் நடுக்கோடு மேனிஃபோல்டு வாயின் நடுவில் விழாது. கலவை அடாப்டரின் சரிவில் மோதி அதை நனைத்து, பெட்ரோல் துளிகளாக ஒரு பக்கம் வழியும். அன்றாடம் ஓட்டுவது பெரும்பாலும் முதல் பேரலில்தான் என்பதால் இந்தக் கோணல் எப்போதும் கூடவே இருக்கும். உயரம் கூடுவதால் ஏர் ஃபில்டர் பானெட்டில் இடிக்கிறதா, ஆக்சிலரேட்டர் கேபிள் முழுதாக இழுக்கிறதா என்பதெல்லாம் தனி, அவற்றைச் சரிசெய்துவிடலாம்.

வாயை அகலப்படுத்தும் வழியில் வேலை முழுவதும் முன்கூட்டியே முடிந்துவிடுகிறது. மேனிஃபோல்டைக் கட்டாயம் எஞ்சினிலிருந்து கழற்ற வேண்டும். வண்டியிலேயே வைத்து ராவினால் உலோகத் தூள் வால்வுக்குப் போய்விடும். புதிய கார்புரேட்டரின் கேஸ்கெட்டை மேலே வைத்துக் கோடு கீறிக்கொண்டு, முதலில் சுவரின் தடிமனைப் பாருங்கள். துளை பெரிதான பிறகு எந்த இடத்திலும் 3 மி.மீ.க்குக் கீழே போகும் என்றால் நான் அந்த வார்ப்பைத் தொட மாட்டேன். வாயில் 34 மி.மீ. இருந்தால் போதாது, உள்ளே போகப் போக மெல்லக் குறுகிப் பழைய அளவில் சேர வேண்டும். திடீர்ப் படி ஒன்று விட்டுவைத்தால் பெட்ரோல் அங்கே தேங்கும். த்ராட்டில் தட்டு முழுதாகத் திறக்கும்போது அதன் கீழ் விளிம்பு கார்புரேட்டருக்கு வெளியே இறங்கி மேனிஃபோல்டுக்குள் வரும்; அது எங்கும் உரசாமல் திரும்புகிறதா என்று கையால் அசைத்துப் பார்த்த பிறகே கேஸ்கெட் போட வேண்டும். உரசினால் ஆக்சிலரேட்டர் மாட்டிக்கொள்ளும், அது விளையாட்டல்ல. முகத்தின் மேல் நேர்விளிம்பு ஒன்றை வைத்து ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். ஸ்டட் (கார்புரேட்டரைப் பிடிக்கும் திருகுத் தண்டு) இடைவெளி பொருந்தாத கார்புரேட்டரை, துளையை நீளமாக ராவிப் பொருத்துவதைவிட வாங்காமலே இருப்பது நல்லது.

இவ்வளவும் முடிந்தால் கிடைப்பது ஒரே கேஸ்கெட், கைக்கு எட்டும் இரண்டு நட்டுகள். நான் மாட்டிய பிறகு ஐடிலிங்கைத் தொட வேண்டியே வரவில்லை. மேல் வேகத்தில் எஞ்சின் தாராளமாக ஏறுகிறது. இரட்டைப் பேரல் அளவுக்கு ஏறாது, அந்த வித்தியாசம் உண்மையானது. மைலேஜ் ஏறக்குறைய முன்போலவே இருக்கிறது, ஆனால் பழைய கார்புரேட்டர் தேய்ந்திருந்ததால் இதை நியாயமான ஒப்பீடாகச் சொல்ல முடியாது.

பெட்ரோலை அளந்து விடும் சிறு துளைத் திருகான ஜெட் விஷயத்தில் இரண்டு வழிக்கும் ஒரே பாடுதான். ஜெட்டில் பொறித்திருக்கும் 120 என்பது வழக்கமாக 1.20 மி.மீ. துளையைக் குறிக்கும். ஒற்றைப் பேரலுக்கு வென்சுரியின் மி.மீ. அளவை ஐந்தால் பெருக்கிவரும் எண்ணில் மெயின் ஜெட்டைத் தொடங்கலாம், 27-க்கு 135. பிறகு பிளக்கின் நிறம் சொல்லும் பக்கம் ஏறுவதோ இறங்குவதோ. பிளக்குகளுக்கு மின்பொறியைப் பிரித்துத் தரும் டிஸ்ட்ரிபியூட்டரின் வாக்யூம் குழாயை எடுக்கும் இடமும் முக்கியம்: பழையதில் த்ராட்டில் தட்டுக்கு மேலே இருந்திருந்தால் புதியதிலும் மேலேயே இருக்க வேண்டும்.

விற்கும்போது என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு: அகலப்படுத்திய வாயை மறுபடி சிறிதாக்க முடியாது. பழைய வண்டியை வாங்குபவர்கள் அசல் பாகத்தைத்தான் தேடுவார்கள். அதனால் வண்டியில் உள்ளதை அப்படியே எடுத்து எண்ணெய் தடவிப் பத்திரப்படுத்திவிட்டு, பழைய இரும்புக் கடையிலிருந்து இன்னொரு மேனிஃபோல்டு தேடி அதில் வேலை செய்வதுதான் சரி. அசல் தவிர இன்னொன்று கிடைக்கவே கிடைக்காத எஞ்சின் என்றால், அல்லது சுவர் மெலிந்த வார்ப்பு என்றால், அடாப்டர் பக்கம் போவதே முறை. அப்போது கீழ்த் திருகுகளுக்குத் திரெட் லாக் (திருகு தளராமல் பிடிக்கும் பசை) போடுங்கள், பெட்ரோல் அழுத்தம் 3 பிஎஸ்ஐ அளவில் நிற்கிறதா என்று பாருங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு கார்புரேட்டரையும் மேல் தட்டையும் ஒருமுறை இறக்கி, கீழே மறைந்திருக்கும் திருகுகளை மறுபடி இறுக்கிவிடுங்கள்.