பேனல் பெட்டிக்குள் ஒட்டிய வெப்ப ஸ்டிக்கர்: ஆறு போகங்களுக்குப் பிறகு

கிழக்கிலங்கையில் சம்மாந்துறைப் பக்கத்து அரிசி ஆலை ஒன்றில் மின் பராமரிப்பு என் பொறுப்பு. மூன்று வருடங்களுக்கு முன் ஒரு முற்பகலில், "யார் சாப்பாட்டுக்கு மீன் கொண்டுவந்தது? கெட்டுப்போய்விட்டது போலிருக்கிறதே" என்று மூட்டை தைக்கும் காக்கா (எங்கள் பக்கத்தில் அண்ணனை அப்படித்தான் அழைப்போம்) கேட்டார். யாரும் கொண்டுவரவில்லை. ஒரு மணி நேரத்தில் பொலிஷர் மோட்டரின் பேனல் பெட்டியிலிருந்து புகை கிளம்பியது. மோட்டருக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்சான கொன்டாக்டரின் பிளாஸ்டிக் உடல் அளவுக்கு மீறிச் சூடேறினால் மீன் நாற்றம் அடிக்கும் என்பதை அன்றுதான் கற்றேன். பெட்டியோடு போயிற்று; உமிக் குவியல் இருபது அடி தள்ளி இருந்தது எங்கள் அதிர்ஷ்டம்.

"பிரேக்கர் ஏன் விழவில்லை?" என்று முதலாளி கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். அது 30 குதிரைவலு மோட்டர், ஓடும்போது சுமார் 40 அம்பியர் எடுக்கும். தளர்ந்த ஓர் இணைப்பில் 0.025 ஓம் தடை ஏறினால் அந்தப் புள்ளியில் 40 வாட் வெப்பம் பிறக்கும். ஈயம் பற்றவைக்கும் கருவி ஒன்றைப் பெட்டிக்குள் நாள் முழுக்க எரியவிட்டதற்குச் சமம். மின்னோட்டமோ கொஞ்சமும் அதிகரிக்கவில்லை. மின்னோட்டத்தை மட்டும் பார்க்கும் பிரேக்கருக்கும், மோட்டர் அளவுக்கு மீறி மின் இழுத்தால் நிறுத்தும் ஓவர்லோட் ரிலேக்கும் இது எப்படித் தெரியும்?

முதலில் புகை உணரி வாங்கினோம். உமித் தூசிக்கு அது வாரம் மூன்று முறை அலறியது. பொடியன்கள் அதற்குப் பொலித்தீன் பை கட்டிவிட்டார்கள். அதோடு சரி.

அடுத்தது, தொடாமலே வெப்பக் கதிரை அளக்கும் துப்பாக்கி வடிவ வெப்பமானி. மலிவு, ஆனால் ஏமாற்றும். பளபளக்கும் செம்புப் பட்டையைக் குறிவைத்தால் 41 பாகை என்றது; மின்சாரத்தை நிறுத்திக் கறுப்பு டேப் ஒட்டி, மீண்டும் ஓடவிட்டு அளந்தால் 78. மினுங்கும் உலோகம் தன் வெப்பத்தைக் கதிராக அதிகம் வெளியே விடாது. சுற்றியிருப்பதன் வெப்பத்தையே கண்ணாடிபோலத் திருப்பிக் காட்டும்.

கடைசியாக வந்த ஸ்டிக்கர்தான் நிலைத்தது. விரல் அகலப் பட்டை, அதில் 50, 55, 60, 65, 70 என ஐந்து வெள்ளைக் கட்டங்கள். அந்தந்த வெப்பம் வந்ததும் கட்டம் கறுக்கும், ஆறினாலும் வெளுக்காது. இரவு இரண்டு மணிக்குச் சூடேறியிருந்தாலும் காலையில் சாட்சி இருக்கும். வயர் முனையில் பொருத்தும் உலோகக் காதான லக்கை ஒட்டிய வயர் உறையில், மூன்று பேஸிலும் (மோட்டருக்கு மின்சாரம் கொண்டுபோகும் மூன்று வயர்களிலும்) ஒரே இடத்தில் ஒட்டினோம். சாதாரண பிவிசி உறை தாங்குவது 70 பாகைதான்.

இரண்டாம் வருடச் சிறுபோக அறுவடை நேரம், கச்சான் காற்று நெருப்பாக அடித்துக்கொண்டிருந்தது. நடுப் பேஸில் 65 வரை கறுத்திருந்தது. பக்கத்து இரண்டிலும் 50கூட இல்லை. வயரைக் கவ்வி மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டரில் மூன்றும் ஒரே அம்பியர். வெக்கையில் சூடேறியிருந்தால் மூன்றும் சேர்ந்தல்லவா ஏறியிருக்கும்? அன்று மாலை ஆலையை நிறுத்தித் திறந்தேன். சல்லடையின் அதிர்வில் கொன்டாக்டரின் கீழ்த் திருகு தளர்ந்து, விரலாலேயே அரைச் சுற்றுச் சுழன்றது. செம்பு இழைகள் தேயிலைச் சாயம் ஏறியதுபோல் பழுத்திருந்தன. வெட்டி, புது லக் போட்டு, அளவாக இறுக்க உதவும் டார்க் ஸ்பேனரால் இறுக்கினேன்.

சூட்டை நிறங்களாகக் காட்டும் வெப்பக் கமராவையும் ஒருமுறை வாடகைக்கு அழைத்தோம். வந்தவர் ஆலை ஓடாத ஞாயிற்றுக்கிழமை வந்தார், படமெல்லாம் நீலம். பாதிச் சுமையிலேயே வெப்பம் கால்பங்காகிவிடும். நின்றுபோன ஆலையில் எதைக் காண்பது? மறுபடி வேலைநாளில் அழைத்தபோது அக்ரிலிக் மூடியைக் கழற்றாமல் எடுத்தார். கண்ணுக்குத் தெளிவான அந்த மூடி கமராவுக்குச் சுவர். முழுச் சுமையில், மூடியைக் கழற்றி, தகுந்த பாதுகாப்பு உடையோடு எடுப்பவர் கிடைத்தால் கமராவுக்கு நிகரில்லை. கிடைக்கவில்லையே!

ஸ்டிக்கரிலும் குறை உண்டு. சத்தம் போடாது, கதவைத் திறந்து பார்க்க ஓர் ஆள் வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ஒட்டாது. மாரியில் இரண்டு உரிந்து விழுந்தன. ஆகவே பிரதான பிரேக்கரில் மட்டும் வெப்ப உணரி வைத்து 70 பாகையில் மணி அடிக்கச் செய்திருக்கிறேன். மற்றப் பெட்டிகளைச் சனிக்கிழமை தோறும் டோர்ச் அடித்துப் பார்ப்பது என் வேலை. பல்லி முட்டைகளையும் அப்போதே அகற்றிவிடுகிறேன்.

மீன் கேட்ட காக்கா இன்றும் மூட்டைதான் தைக்கிறார். ஏதாவது நாறினால் சாப்பாட்டுப் பெட்டிகளை விட்டுவிட்டு என்னைத்தான் கூப்பிடுகிறார்.