எட்டு மாதம் பிரம்மி கேப்சூல் சாப்பிட்டேன்

ஓசூர் சிப்காட்டில் சிஎன்சி ஆபரேட்டர் வேலை, அதாவது கம்ப்யூட்டரில் அளவு கொடுத்து உலோகம் வெட்டும் மிஷினை ஓட்டுவது. காவேரிப்பட்டணத்திலிருந்து தினம் கம்பெனி பஸ். நைட் ஷிஃப்ட் வாரத்தில் மூணு மணிக்கு மேல் கண் விழித்திருக்கும், புத்தி தூங்கிவிடும். அப்படி ஒரு ராத்திரி ஆஃப்செட்டில், அதாவது மிஷினுக்குக் கொடுக்கும் அளவுத் திருத்தத்தில், 0.05 போட வேண்டிய இடத்தில் 0.50 அடித்துவிட்டேன். வெட்டும் முனையான இன்சர்ட் நொறுங்கிய சத்தத்தில்தான் எனக்கே தெளிந்தது. புத்தி தெளிவாக இருக்கட்டும் என்று மறுநாளே மருந்துக் கடையில் பிரம்மி என்ற மூலிகைக் கேப்சூல் வாங்கினேன். மாதம் 400 ரூபாய் சொச்சம்.

டப்பாவைப் பார்த்து அம்மா சிரித்தாள். “ஏன்டா, வாய்க்கா ஓரம் மொளச்சிக் கெடக்குற வல்லாரைக்கா இத்தன காசு?” நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் பொடி எழுத்தில் இருந்த பெயர் பகோபா மொன்னியேரி, அதாவது நீர்ப்பிரம்மி. அம்மா துவையல் அரைக்கும் வல்லாரை வேறு செடி, சென்டெல்லா ஏசியாட்டிகா. வடக்கே இரண்டையும் பிரம்மி என்பார்கள். வாங்குகிறவர்கள் அந்தப் பொடி எழுத்தைப் படித்துவிடுங்கள்.

ஷிஃப்ட் முடிந்து வெறும் வயிற்றில் போட்டதில் முதல் வாரம் முழுக்க வயிற்றுப்போக்கு. சாப்பிட்ட பிறகு போட்டதும் நின்றது. ஆய்வுகளில் பெரும்பாலும் தினம் 300 மில்லிகிராம் வீதம் 12 வாரம் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள் என்று படித்ததால் விடாமல் போட்டேன். அவற்றிலும் ஞாபகசக்திக்குத்தான் கொஞ்சம் பலன் தெரிந்ததே தவிர, தூக்கத்தை விரட்டும் என்று யாரும் நிரூபிக்கவில்லை.

நான்காவது மாதம் டிராயிங்கைப் பார்க்காமலே அளவெல்லாம் நினைவில் நின்றது. ஆஹா, வேலை செய்கிறது என்று பஸ்ஸில் நாலு பேரிடம் சொல்லியும் விட்டேன். அடுத்த மாதம் பார்ட் மாறியது. பழையபடி ஒவ்வொரு அளவுக்கும் டிராயிங்கைத் தேடி ஓடினேன். நாலு மாதம் ஒரே பார்ட்டை ஓட்டினால் கேப்சூல் இல்லாமலே மனப்பாடம் ஆகியிருக்கும்.

மூணு மணித் தூக்கம் கடைசி வரை அசையவில்லை. கேன்டீனில் ஒரு மணிக்குக் குடிக்கும் டீ அரை மணியில் செய்வதைக்கூட இது செய்யவில்லை. எனக்கு உதவியது ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டி, போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் பகலில் ஆறு மணி நேரம் தூங்கியது. முன்னால் நாலுகூடத் தேறாது. கேப்சூலை நிறுத்தி ஒரு மாதமாகிறது, ஒரு வித்தியாசமும் இல்லை.

டப்பாவில் இன்னும் பதினேழு கிடக்கிறது. பக்கத்து மிஷின் தம்பி கேட்டான். அவன் தைராய்டு மாத்திரை போடுகிறவன். டாக்டரிடம் கேட்டுவிட்டு வா, அப்புறம் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.